அப்பத்தா பிறந்தது எந்த ஊர்?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் வயதானவர்களிடம் குடும்பக் கதை கேட்டால், பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் கடல் தாண்டிவிடும். அப்பத்தா பிறந்தது அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என்பார் ஒருவர். அம்மாச்சி ரங்கூனில் பிறந்து, யுத்த காலத்தில் நடந்தே வந்து சேர்ந்தவர் என்பார் இன்னொருவர். தாத்தாவின் தம்பி பினாங்குக்குப் போனவர் போனவர்தான் என்று ஒரு பெரியம்மா சொல்லுவார். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கண்மாய் வறளும், கண்மாய் வறண்டால் ஊர் காலியாகும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்திலும் அதற்குப் பின் வந்த பஞ்சங்களிலும் பழைய ராமநாதபுரம் சீமையின் ஜனம் கங்காணிகளின் பின்னால் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போயிற்று.

இந்தக் குடும்பக் கதைக்கும் கால்பந்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உலகக் கால்பந்து நிர்வாக அமைப்பான ஃபிஃபா, புதிதாக ஒரு நாட்டின் குடியுரிமை வாங்கி அந்த நாட்டு அணிக்கு ஆட வரும் வீரரிடம் முதலில் கேட்பது நான்கு கேள்விகள். நீ அந்த மண்ணில் பிறந்தாயா? உன் அப்பாவோ அம்மாவோ அங்கே பிறந்தார்களா? தாத்தா, பாட்டி நால்வரில் எவராவது அங்கே பிறந்தார்களா? எதுவும் இல்லையென்றால், அங்கே போதுமான ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறாயா? இந்த நான்கில் ஒன்றுக்கு ஆம் என்ற பதிலும், கையில் அந்த நாட்டின் பாஸ்போர்ட்டும் இருந்தால் கதவு திறக்கும்.

கடைசிக் கேள்விக்கு வயதைப் பொறுத்துக் கணக்கு மாறும். பத்து வயதுக்கு முன்பே வந்து குடியேறிய பிள்ளைக்கு மூன்று ஆண்டு வாசம் போதும். அதற்குப் பிறகு வந்தவருக்கு ஐந்து ஆண்டு. பத்து முதல் பதினெட்டு வயதுக்குள் வந்தவர், தேசிய அணியில் இடம் பிடிப்பதற்காகவே வரவில்லை என்றும் காட்ட வேண்டும்.

இந்தக் கண்டிப்பெல்லாம் பின்னால் வந்தது. ஒரு காலத்தில் நாடு மாறுவது மிக எளிதாக இருந்தது. லூயிஸ் மோண்டி 1930 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு ஆடித் தோற்றார். நான்கே ஆண்டில், 1934 இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு ஆடி ஜெயித்தார். இரண்டு நாடுகளுக்காக இரண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடியவர் இன்றுவரை அவர் ஒருவரே. ஹங்கேரிக்கு 85 ஆட்டத்தில் 84 கோல் அடித்த புஷ்காஷ், 1962 உலகக் கோப்பையில் ஸ்பெயின் சட்டையோடு நின்றார். அர்ஜென்டினாவில் பிறந்த டி ஸ்டெஃபானோவும் பிறகு ஸ்பெயினுக்கு ஆடினார். இப்படியே போனால் தேசிய அணி என்பதற்கே பொருள் இருக்காது என்று 1960களில் ஃபிஃபா கயிற்றை இறுக்கியது. ஒரு நாட்டுக்கு ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு ஆட முடியாது என்று ஆயிற்று.

இறுக்கிய கயிறு பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த ஆப்பிரிக்க, ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள் பதினாறு, பதினேழு வயதில் பிரான்சுக்கோ ஸ்பெயினுக்கோ இளையோர் ஆட்டம் ஒன்று ஆடிவிட்டு, பிறகு அந்த நாட்டு மூத்த அணியில் இடம் கிடைக்காமல், பெற்றோரின் நாட்டுக்கும் ஆட முடியாமல் நடுவில் நின்றார்கள். 2003இல் தோஹாவில் கூடிய ஃபிஃபா மாநாடு, 21 வயதுக்குள் ஒரு முறை மாறிக்கொள்ளலாம் என்றது. 2009இல் அந்த வயது வரம்பும் நீக்கப்பட்டது. இடையில் 2004இல் கத்தார், தனக்கு எந்தத் தொடர்பும் இல்லாத பிரேசில் வீரர்களைத் தன் அணிக்கு இழுக்கப் பார்த்தது. ஜெர்மன் லீக்கில் கோல்மழை பொழிந்துகொண்டிருந்த அய்ல்டன் அவர்களில் ஒருவர். ஃபிஃபா அவசரமாகத் தடை போட்டு, வீரருக்கும் நாட்டுக்கும் தெளிவான உறவு வேண்டும் என்றது. பாட்டியைப் பற்றிய கேள்வி அத்தனை முக்கியமானது அந்தக் களேபரத்தில்தான்.

இன்றைய விதியை ஒரு மனிதரின் கதையில் பார்த்தால் விளங்கும். முனீர் அல் ஹத்தாதி ஸ்பெயினில் பிறந்தவர், அப்பா மொராக்கோக்காரர். 2014 செப்டம்பரில், பத்தொன்பது வயதில், யூரோ தகுதிச்சுற்றில் மாசிடோனியாவுக்கு எதிராக ஸ்பெயின் அணியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். களத்தில் இருந்தது ஏறக்குறைய பதின்மூன்று நிமிடம். அதன் பிறகு ஸ்பெயினின் மூத்த அணிக்கு அவர் ஆடவே இல்லை. மொராக்கோ கூப்பிட்டது, அவரும் போகத் தயார். ஆனால் அந்த ஆட்டம் நட்பு ஆட்டமில்லை, அதிகாரபூர்வப் போட்டி. அந்தப் பதின்மூன்று நிமிடம் அவரை ஆயுளுக்கும் ஸ்பெயினோடு கட்டிப்போட்டது. 2018இல் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயும் வழக்கு தோற்றது. உலகக் கோப்பை கைநழுவியது.

2020 செப்டம்பரில் ஃபிஃபா இந்த விதியைத் திருத்தியது. மூத்த அணிக்கு மூன்று ஆட்டம் வரை ஆடியிருக்கலாம். அவை 21 வயதுக்குள் நடந்திருக்க வேண்டும். கடைசி ஆட்டம் முடிந்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். உலகக் கோப்பையிலோ கண்டக் கோப்பையிலோ இறுதிச் சுற்றுப் போட்டியில் ஆடியிருக்கக் கூடாது. முதல் நாட்டுக்கு ஆடிய நாளிலேயே இரண்டாவது நாட்டின் குடியுரிமையும் இருந்திருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால் மாறலாம், ஆனால் ஒரே ஒரு முறை. முனீர் 2021இல் மொராக்கோ சட்டை போட்டார்.

நட்பு ஆட்டம் எத்தனை ஆடினாலும் கட்டு விழாது என்பது இந்த விதியில் பலரும் கவனிக்காத இடம். டெக்லன் ரைஸ் 2018இல் அயர்லாந்துக்கு மூன்று நட்பு ஆட்டம் ஆடிவிட்டு மறு ஆண்டே இங்கிலாந்துக்குப் போனார். டியேகோ கோஸ்டா பிரேசிலுக்கு இரண்டு நட்பு ஆட்டம் ஆடிவிட்டு ஸ்பெயினுக்குப் போனார். விட்டுவந்த நாட்டு ரசிகர்கள் வசைமாரி பொழிந்தார்கள். விதி அவர்கள் பக்கம் இல்லை.

மலேசியாவில் நடந்ததைக் கேட்டால், பாட்டி பிறந்த ஊருக்கு எவ்வளவு விலை இருக்கிறது என்பது தெரியும். 2025 ஜூன் 10ஆம் தேதி கோலாலம்பூரில் மலேசியா, வியட்நாமை 4-0 என்று தோற்கடித்தது. மலேசிய அணியில் ஸ்பெயின், அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து நாடுகளில் பிறந்த புதுமுகங்கள் ஆடினார்கள். தாத்தா பாட்டி மலேசிய மண்ணில் பிறந்தவர்கள் என்று பிறப்புச் சான்றிதழ் காட்டியிருந்தார்கள். ஒருவரின் தாத்தா பினாங்கு, இன்னொருவருக்கு மலாக்கா, வேறொருவருக்கு ஜொகூர். புகார் வந்ததும் ஃபிஃபா அந்தந்த நாட்டுப் பதிவேடுகளில் மூலச் சான்றிதழைத் தேடி எடுத்தது. பினாங்கில் பிறந்ததாகச் சொல்லப்பட்ட தாத்தா பிறந்தது அர்ஜென்டினாவின் சான்டா ஃபே. மலாக்கா தாத்தா பிறந்தது நெதர்லாந்தின் ஹேக் நகரம். ஏழு வீரர்களின் காகிதமும் இப்படியே. 2025 செப்டம்பர் 26 அன்று ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதத் தடையும் தலா 2,000 சுவிஸ் பிராங்க் அபராதமும், மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. நவம்பர் தொடக்கத்தில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அதையே உறுதிசெய்தது. சங்கம் விளையாட்டு நடுவர் மன்றத்தின் படியேறியது.

மலேசிய மண்ணில் நிஜமாகவே பிறந்த எத்தனையோ ஆயிரம் தமிழ்ப் பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். இல்லாத பாட்டியை உருவாக்கக் காகிதம் கிடைத்தது. இருந்த பாட்டிகளுக்குப் பெரும்பாலும் காகிதம் இல்லை.

இந்தியாவின் நிலை வேறு. வெளிநாட்டில் பிறந்த இந்திய வம்சாவளி வீரரை ஃபிஃபா தடுப்பதில்லை. தடை உள்நாட்டில்தான் இருக்கிறது. இரட்டைக் குடியுரிமையை இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தால் விசா இல்லாமல் வந்து போகலாம், வேலை பார்க்கலாம். அது குடியுரிமை ஆகாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் மட்டுமே இந்தியாவுக்கு ஆடலாம் என்று 2008இல் மத்திய அரசு அறுதியிட்டுச் சொன்னது. சென்னை டென்னிஸ் மேதை விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமிர்தராஜுக்கு டேவிஸ் கோப்பைக் கதவு அப்படித்தான் மூடியது. அதற்கு முன் ஐந்தாறு ஆண்டு இந்தியாவுக்கு ஆடியவர் அவர். கையில் இருந்தது அமெரிக்கப் பாஸ்போர்ட். இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்த மைக்கேல் சோப்ராவும் இந்திய அணிக்கு ஆட ஆசைப்பட்டார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற இடத்தில் அது நின்றுபோனது.

விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. ஜப்பானில் ஜப்பானியத் தாய்க்கும் குஜராத்தி வம்சத் தந்தைக்கும் பிறந்த அராத்தா இசுமி, 2006 முதல் இந்தியக் கிளப்புகளில் ஆடி, 2012இல் நீலகண்ட் கம்போல்ஜா என்ற பெயரோடு இந்தியக் குடிமகன் ஆனார். மறு ஆண்டு இந்திய அணிக்கு ஆடினார். அடுத்தவருக்கு ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், 2023 முதல் பெங்களூரு எஃப்.சி.யில் ஆடிவருபவர். அவருடைய தாயார் மும்பை ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தவர். தாய்வழித் தாத்தா 1950களில் பம்பாய் அணிக்காக சந்தோஷ் டிராபி ஆடியவர். 2025 நவம்பரில் அவர் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டைத் துறந்து இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கினார். அதை அவர் கையில் கொடுத்தவர் இந்தியக் கால்பந்து வீரர் சுனில் சேத்ரி.

வில்லியம்ஸ் 2019இல் தென்கொரியாவுக்கு எதிராக ஆஸ்திரேலிய மூத்த அணிக்கு ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறார். அது நட்பு ஆட்டம் என்பதால் பிழைத்தார். ஆனாலும் இளையோர் அணிகளில் ஆடியதால் ஆஸ்திரேலியாவின் கையெழுத்தும் ஃபிஃபாவின் ஒப்புதலும் தேவைப்பட்டன. பாஸ்போர்ட் வந்துவிட்டது, அணியில் பெயரும் வந்துவிட்டது, ஆனால் ஃபிஃபா காகிதம் வரவில்லை. நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்தியா வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றபோது அவர் களத்தில் இல்லை. ஒப்புதல் வந்தது அதற்குப் பிறகு.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் சட்டம் தாராளமானது. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. எனவே இலங்கை அணி மீது விதித்திருந்த தடையை 2023 ஆகஸ்டில் ஃபிஃபா நீக்கிய பிறகு, இலங்கைக் கால்பந்து நிர்வாகம் உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் தன் பிள்ளைகளைத் தேடத் தொடங்கியது. பெர்லினில் பிறந்த வசீம் ரசீக் அதற்கு முன்பே வந்துவிட்டவர். லண்டனில் பிறந்த டில்லன் டி சில்வா, ஜெர்மன் லீக்குகளில் ஆடும் கிளாடியோ கம்மர்க்னெக்ட், சுவீடனில் ஆடி வளர்ந்த ஆதவன் ராஜமோகன் என்று பட்டியல் நீண்டது. 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இறுதிக் கட்டத்துக்குப் போனார்கள். 2025 ஜூனில் கொழும்பில் தைவானை 3-1 என்று வென்றார்கள். யுத்தம் துரத்தி ஐரோப்பாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை, அதே நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு கொழும்பு மைதானத்தில் நிற்கிறான். அதை ஏற்பவர்களும் உண்டு, பொறுக்காதவர்களும் உண்டு. தமிழீழ அணி என்ற பெயரில் 2012இல் குர்திஸ்தானிலும் 2018இல் லண்டனிலும் ஆடிய புலம்பெயர் இளைஞர்கள் வேறொரு முடிவை எடுத்தவர்கள். அந்தப் போட்டிகளை ஃபிஃபா கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அவற்றில் ஆடியதால் யாருக்கும் எந்தக் கட்டும் விழாது.

சுவீடனுக்கும் ஜெர்மனிக்கும் போன பிள்ளைகளின் கதை இது. அதே யுத்தத்துக்குத் தப்பி, படகேறி ராமேசுவரத்தில் இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் இருக்கிறார்கள். 2021இல் தமிழக அரசு பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பேச்சில் அது இன்னும் அகதி முகாம்தான். விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு போன்ற ஊர்களில் இந்த முகாம்கள் உண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து போனால் பஸ்ஸில் கொஞ்ச நேரம். பெரியவர்களில் பலர் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள், கட்டட வேலைக்குப் போகிறார்கள். மாதா மாதம் அரசு பணக்கொடை தருகிறது, ரேஷன் உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. பதிவு நாளில் குடும்பத்தில் எல்லாரும் ஆஜராக வேண்டும். வெளியூர் போய்த் தங்குவதென்றால் சொல்லிவிட்டு, அனுமதி வாங்கிவிட்டுப் போக வேண்டும். கியூ பிரிவு போலீசுக்குக் கணக்கு இருக்க வேண்டும்.

அப்படியொரு முகாமில் 2008இல் ஒரு பையன் பிறந்தான் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவும் அப்பாவும் சிறு வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். பையன் பள்ளி அணியில் பந்து ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான். பந்து இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. திருச்சுழியில் பிறந்து, பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த வேங்கடராமனே மதுரையில் படித்த நாளில் கால்பந்தில் ஈடுபாடு கொண்டவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்த முகாம் பையனுக்கு இப்போது பதினெட்டு வயது. எந்த நாட்டுக்கு அவன் ஆடலாம்?

ஃபிஃபாவின் கேள்வித்தாளை அவன் முன்னால் வைத்துப் பாருங்கள். பிறந்தது இந்திய மண்ணில். வாழ்ந்த பதினெட்டு ஆண்டும் இந்திய மண்ணில். அம்மா பிறந்தது இலங்கை மண்ணில், அப்பாவும் அங்கே, தாத்தா பாட்டி நால்வரும் அங்கே. இரண்டு நாடுகளுக்கும் இத்தனை நெருக்கமான உறவைக் காட்ட, பாஸ்போர்ட் வைத்திருக்கும் வீரர்களிலேயே பலரால் முடியாது. மலேசியாவின் ஏழு பேருக்கும் பாஸ்போர்ட் இருந்தது, பாட்டி இல்லை. இவனுக்குப் பிறந்த மண்ணும் உண்டு, பாட்டியும் உண்டு, பாஸ்போர்ட் இல்லை. வசிப்பிடத்தைச் சாராத நிலையான குடியுரிமை என்பது ஃபிஃபா விதியின் முதல் வரி. அந்த முதல் வரியிலேயே அவன் நின்றுவிடுகிறான்.

காரணம் தேதிகள். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அதன் பிறகு பிறந்தவருக்கு அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது: பெற்றோர் இருவருமே இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த முதல் தேதியைப் பிடித்துக்கொண்டு உயர்நீதிமன்றம் போனார். அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்க 2022இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 2008இல் பிறந்த பையனுக்கு அந்த வழி கிடையாது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கி 2025இல் மத்திய அரசு உத்தரவிட்டது. அது பெரிய நிம்மதிதான். குடியுரிமை ஆகாது.

முகாம் குடும்பங்களில் கணிசமானவர்களின் கதை இன்னும் பின்னால் போகிறது. அவர்கள் மன்னார்க்காரர்களோ யாழ்ப்பாணத்துக்காரர்களோ கிடையாது. ராமநாதபுரம், மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பங்களின் வாரிசுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிப் போன கூலி ஒவ்வொருவர் கையிலும் தோட்டத்தின் எண் அடித்த ஒரு தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். ரயிலுக்கும் கப்பலுக்கும் அதுதான் சீட்டு. எந்தத் தோட்டத்துக்குச் சொந்தமான ஆள் என்பதை அந்தத் தகரம் சொன்னது; எந்த நாட்டுக்குச் சொந்தமான ஆள் என்பதை யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். காகிதம் வரக் காத்திருந்த காலத்திலேயே 1983 கலவரம் வந்தது. அதில் தப்பி இங்கே வந்தவர்கள், பூட்டன் பாட்டன் புறப்பட்டுப் போன அதே மாவட்டங்களுக்கு அகதிகளாகத் திரும்பினார்கள். திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த இப்படிப்பட்ட குடும்பங்கள் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிவோடு பார்க்க வேண்டும் என்று 2019 ஜூனில் மதுரைக் கிளை சொன்னது.

பந்து ஆடும் பையனுக்கு இதில் எல்லாம் ஒரு நாள்கூடத் தாமதிக்க நேரமில்லை. ஒரு கால்பந்து வீரரின் ஆட்ட வயது பதினைந்து ஆண்டு இருந்தால் அதிகம். முனீர் ஏழு ஆண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை; பார்சிலோனாவிலும் செவியாவிலும் ஆடிக்கொண்டே வழக்கு நடத்தினார். முகாம் பையனுக்குத் தேசிய அணி தூரத்துக் கனவு. அவனுக்கு உடனடியாக வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் படிகள். வெளிநாட்டில் நடக்கும் இளையோர் போட்டிக்கு அணியோடு போக பாஸ்போர்ட் வேண்டும். இந்தியக் குடியுரிமை கேட்கும் தேசியப் போட்டிகளில் திறமை இருந்தும் பெயர் கொடுக்க முடியாது. பதினாறு வயதில் இந்தப் படிகள் அடைபட்டால், இருபத்திரண்டு வயதில் யார் தேடி வந்தாலும் பயனில்லை. நன்றாக ஆடும் பிள்ளைகள் பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போவது இந்த வயதில்தான்.

நாடிழந்த வீரர்களுக்காக ஃபிஃபா ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தாலிபான் ஆட்சிக்குத் தப்பி வெளிநாடுகளில் வாழும் ஆப்கன் பெண்களைச் சேர்த்து ஓர் அகதி அணி அமைக்கப்பட்டு, 2025 இலையுதிர் காலத்தில் மொராக்கோவில் ஃபிஃபா நடத்திய தொடரில் ஆடியது. குடியுரிமையைத் தன் விருப்பமின்றி இழந்த வீரர் அணி மாறலாம் என்று விதியிலேயே தனிப் பிரிவு உண்டு. எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவருக்கும், வாழும் நாட்டில் அது ஒருபோதும் கிடைக்காது என்ற நிலை இருந்தால், விதியில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் பாஸ்போர்ட் இல்லாதவரை இந்தியா தன் அணியில் சேர்ப்பதில்லை. குடியுரிமையைக் கொடுப்பது அரசாங்கம். கால்பந்து நிர்வாகத்திடம் போய்க் கேட்டுப் பயனில்லை.

நமது பையனுக்குத் திறந்திருக்கும் கதவு ஒன்று உண்டு, அது சென்னையில் இருக்கிறது. இலங்கைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்தாலும் இலங்கைக் குடிமக்களின் பிள்ளை வம்சாவளியால் குடியுரிமை பெறலாம். 2003இலிருந்து தாய் வழியாகவும் பெறலாம். அதற்குப் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுக்குள் செய்வது முறை. பிந்தினாலும் காரணம் சொல்லி, தாமதக் கட்டணம் கட்டிச் செய்ய வழி உண்டு. பெற்றோரின் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்று ஆகியவை தேவை. படகில் வரும்போது காகிதத்தை இழந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காக ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டாக இலங்கையின் பதிவேடுகளில் தேடி நகல் எடுத்துத் தந்து வருகிறது. பதிவு முடிந்தால் அந்தப் பையன் இலங்கைக் குடிமகன். லண்டனில் பிறந்த டில்லன் டி சில்வா போன கதவு வழியாகவே கொழும்பு மைதானத்துக்குப் போகலாம்; ஃபிஃபாவுக்கு ஓர் ஆட்சேபமும் இருக்காது.

இந்தியக் குடியுரிமைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள், குறிப்பாகத் தோட்ட வம்சத்தவர், இலங்கையில் பதிவு செய்தால் இங்கே கேட்கும் உரிமை பலவீனப்படுமோ என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. நாற்பது ஆண்டு வாழ்ந்த ஊரை யாரும் லேசில் விட்டுவிட மாட்டார்கள். எந்த நாடு என்பதை அந்தக் குடும்பமே தீர்மானிக்கட்டும். ஆனால் அப்படித் தீர்மானிக்க இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டும். இன்று ஒன்றுதான் பாதி திறந்திருக்கிறது.

வெளிநாட்டில் பிறந்த வம்சாவளி வீரர்களுக்கு இந்திய அணியின் கதவைத் திறக்க வேண்டும் என்று கால்பந்து வட்டாரத்தில் இப்போது பேச்சு பலமாக நடக்கிறது. நல்ல பேச்சு. அந்தப் பேச்சில் பெர்த்தும் பர்மிங்ஹாமும் வருகிற அளவுக்குக் குல்லூர்சந்தையும் மண்டபமும் வர வேண்டும். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே பந்து பழகிய பிள்ளைகளைத் தேட விமான டிக்கெட் போட வேண்டாம். மத்திய அரசு அவர்களின் விண்ணப்பங்களை இனியும் தள்ளிப்போடாமல் முடிவு சொல்ல வேண்டும். முகாம்களில் இருக்கும் பெற்றோர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர், எழுத்து, தேதி சரியாக இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்க்க வேண்டும். பாட்டி எங்கே, எந்த ஆண்டு பிறந்தார் என்பதை, அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.